சுட்டுப் போட்டது திரும்ப எழுந்த இடம்: சர்வைவல் ஹாரரில் இன்னும் உறுத்தும் சந்திப்புகள்

மண்ணெண்ணெய்க்_குடுவை

ரெசிடென்ட் ஈவில், 2002 ரிமேக்: ஜோம்பி நிறைந்த மாளிகையில் கையிருப்பை எண்ணி எண்ணிப் பிழைத்திருக்கும் திகில் வீடியோ கேம், 1996-ல் வந்ததை மறுபடி செய்தது. மயானத்துக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் சவப்பெட்டி. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே அங்கே போய்விடுகிறேன். நாலு முகமூடி. ஒவ்வொன்றைப் பொருத்தும்போதும் ஒரு சங்கிலி கழலும், பெட்டி லேசாகச் சரியும். மூன்று கழன்றதுமே உள்ளே ஏதோ இருப்பது புரிந்துவிடும். ஆனாலும் நாலாவதைத் தேடி எடுத்து வந்து, சொந்தக் கையாலேயே பொருத்த வேண்டும். ஆட்டம் உங்களைப் பயமுறுத்துவதில்லை, உங்களையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

பெட்டிக்குள் இருப்பது கிரிம்சன் ஹெட். மாளிகை முழுக்க அதே விதிதான்: தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் கிடக்கிற ஜோம்பி, கொஞ்ச நேரம் போனால் நகம் வளர்ந்து ஓடி வரும். 1996-ல் காலி செய்த அறை உங்களுக்குச் சொந்தம். 2002 அந்தப் பட்டாவைப் பிடுங்கிக்கொண்டது.

பிணத்தை எரிக்க மண்ணெண்ணெய்க் குடுவையும் லைட்டரும் வேண்டும். குடுவையில் இரண்டு எரிப்புக்குத்தான் எண்ணெய் பிடிக்கும். நாம் ஆடத் தேர்ந்தெடுக்கும் இருவரில் ஜில்லுக்குப் பொருள் வைக்க எட்டு ஸ்லாட், அதில் குடுவைக்கு ஒன்று, லைட்டருக்கு ஒன்று போய்விடும். கிறிஸுக்கு ஆறுதான், ஆனால் லைட்டர் தனியாக இருப்பதால் ஸ்லாட் பிடிக்காது. ஒரே ஒரு முறை நுழையும் அறையில் கிடப்பதை எரித்துத் தீர்ப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. சேவ் ரூமுக்கும் (ஆட்டத்தைச் சேமிக்கும், எதிரி வராத அறை) படிக்கட்டுக்கும் நடுவே தினமும் நடக்கும் தாழ்வாரத்தில் கிடப்பதைத்தான் எரிக்க வேண்டும். மற்றவற்றைச் சுடாமலே சுற்றிப் போய்விடலாம். கொல்லாத ஜோம்பி மெதுவாகத்தான் நடக்கும்.

மூலை_கேமரா

நீங்க சொல்றது கணக்கு. எனக்கு உறுத்துறது அந்த நாய் தாழ்வாரம். 1996-ல போனா ஜன்னல் கண்ணாடியை உடைச்சுட்டு நாய் பாயும். ரிமேக்ல முதல் தடவை போகும்போது கண்ணாடியில கீறல் மட்டும் விழும், நாய் வராது. பழசு தெரிஞ்சவன் துப்பாக்கியைத் தூக்கிட்டு நிப்பான், ஒண்ணும் நடக்காது. அப்புறம், மறந்துபோய்த் திரும்பி வரும்போது பாயும். ஒரு ஆட்டத்தோட ஞாபகத்தையே பொறியா மாத்தின இடம் வேற எதுவும் சட்டுனு தோணல.

இதுக்கு ஃபிக்ஸட் கேமரா வேணும், அதாவது ஒரே இடத்துல நின்னு பார்க்கிற, நாம திருப்ப முடியாத கேமரா. ஜன்னல் கேமராவுக்கு எந்தப் பக்கம் இருக்கணும்னு முடிவு பண்றவர் டிசைனர், நாம இல்ல.

எட்டு_ஸ்லாட்

கேமரா சரி, ஆனால் டேங்க் கன்ட்ரோலைக் கூடவே சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிதான். மேல் பட்டனை அழுத்தினால் பாத்திரம் பார்க்கும் திசையில் நடக்கும். ஷாட் மாறினாலும் திசை மாறாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு, சோம்பேறித்தனம் இல்லை.

2015 எச்டி பதிப்பில் இரண்டாவதாக ஒரு கன்ட்ரோல் கொடுத்தார்கள்: ஸ்டிக்கைத் தள்ளிய பக்கம் ஓடும். நின்ற இடத்தில் திரும்ப ஆகும் அந்த ஒரு நொடியைக் கணக்கில் வைத்துத்தான் ஜோம்பியின் வேகம் போடப்பட்டிருந்தது. அந்த நொடி போனதும் ஜோம்பி வெறும் தூண். சுற்றிக்கொண்டு போய்விடலாம். இன்னொரு கோளாறும் உண்டு: ஷாட் மாறும்போது ஸ்டிக்கை விடாமல் பிடித்திருந்தால் பழைய திசையே தொடரும். பதற்றத்தில் விட்டுவிட்டு மறுபடி தள்ளினால் வந்த வழியே, ஜோம்பியின் மடியில்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: முதல் ஒரு மணி நேரம் டேங்க்கிலேயே ஓட்டுங்கள். சேவ் ரூமில் எட்டு போட்டுப் பழகுங்கள். தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி ஓடாதீர்கள், நடுவில் ஓடினால்தான் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். இரண்டு ஸ்லாட்டாவது காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சாவி ஒன்று, அது திறக்கும் அறையில் கிடைப்பது ஒன்று. நிறைய பேர் தோட்டாவை நிரப்பிக்கொண்டு போய், சாவியை எடுக்க இடமில்லாமல் திரும்பி வருகிறார்கள். அந்தத் திரும்பும் நடையில்தான் தோட்டா தீரும்.

காலடி

அப்படியானால் 1998 ஆட்டத்தின் ரிமேக்கான 2019 ரெசிடென்ட் ஈவில் 2 எப்படிப் பயமுறுத்துகிறது? தோளுக்குப் பின்னால் கேமரா, நினைத்த பக்கம் திரும்பலாம், கதவுக்கு லோடிங் கூட இல்லை. மேப்பில் பொருள் மிச்சமிருக்கும் அறை சிவப்பு, முடிந்தது நீலம். சாவியின் வேலை முடிந்தால் அதன் மேலேயே டிக் விழும். வசதி எல்லாம் கூடிவிட்டது.

பதில், துரத்தி வரும் ராட்சத எதிரி மிஸ்டர் எக்ஸின் காலடி. 1998-ல் அவர் இரண்டாவது சினாரியோவில் (ஒருமுறை முடித்த பின் இன்னொரு பாத்திரமாக ஆடும் சுற்று) மட்டும், குறித்த இடங்களில் வருவார். வீழ்த்தினால் தோட்டா கூடக் கிடைக்கும், ஒரு வகையில் லாபம்தான். 2019-ல் போலீஸ் ஸ்டேஷன் முழுக்க நடக்கிறார். சுட்டால் மண்டியிடுவார், சாக மாட்டார், எதுவும் தர மாட்டார். மூடிய கதவுக்கு அப்பால் சத்தம் அமுங்கிக் கேட்கும், அதே மாடியில் இருந்தால் தெளிவாக. ஓடினாலும் சுட்டாலும் அந்தச் சத்தத்தை நோக்கி வருவார். ஃபிக்ஸட் கேமரா மறைத்து வைத்ததை இங்கே காது மறைத்து வைக்கிறது. பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மூலை_கேமரா

காது வேலையை 1999-லயே சைலன்ட் ஹில் பண்ணிடுச்சே. எதிரி நெருங்கினா ரேடியோ இரையும். எந்தப் பக்கம்னு தெரியாது, பக்கத்துல இருக்குன்னு மட்டும் தெரியும். டார்ச்சை அணைச்சா எளிதுல கண்ணுல பட மாட்டோம், ஆனா இருட்டுல மேப்பைப் பார்க்க முடியாது. மறைவு வேணுமா, வழி வேணுமான்னு ஒரே பட்டன்ல கேக்குது. அதுல ஸ்லாட் கணக்கே கிடையாது. ஆக, ஸ்லாட் இல்லன்னா சர்வைவல் ஹாரர் இல்லன்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

எட்டு_ஸ்லாட்

யார் சொன்னது? கேமராவும் டேங்க்கும் சேர்ந்தே வேண்டும் என்று நான் சொன்னது நாய் தாழ்வாரத்துக்கு.

மண்ணெண்ணெய்க்_குடுவை

சண்டை வேண்டாம், விதி எப்படிப் பயணப்படுகிறது என்று பாருங்கள். 2022-ல் வந்த சிக்னலிஸ்: ஆறு ஸ்லாட், வீழ்ந்தவை எழும், எரிக்கத் தெர்மைட். அப்படியே 2002-ன் பேரன். கேமரா மேலிருந்து பார்க்கிறது, ஆனாலும் பிணத்தைத் தாண்டும்போது அதே தயக்கம். 2014 ஏலியன்: ஐசொலேஷன் எதிர்ப்பக்கம் போனது. சேவ் செய்யும்போதும் உலகம் நிற்காது, சேவ் கருவியில் கார்டைச் செருகி விளக்குகள் எரிவதற்குள் ஏலியனின் வால் முதுகில் இறங்கலாம். ரெசிடென்ட் ஈவிலில் சேவ் செய்யும் டைப்ரைட்டர் தந்த நிம்மதியை அங்கே வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள்.

காலடி

டைப்ரைட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2019-ல் மெயின் ஹாலிலும் டைப்ரைட்டர் உண்டு, பொருள் வைக்கும் பெட்டியும் உண்டு, அதனால் சேவ் ரூம் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. மிஸ்டர் எக்ஸ் அங்கே வருவார். இன்வென்டரி (கைப்பொருள் பட்டியல்) திறந்திருக்கும்வரை நேரம் நின்றிருக்கும், மூடிய பிறகுதான் கதவுச் சத்தம் கேட்கும்.