மறு: ஆய்வேடு தேடும் தளங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் கையேட்டுக்காக நடக்கும் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டு எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆய்வேடுகளைத் தேடிப் பார்க்கும் தளம் எதுவானாலும் "ஆய்வேட்டுக் களஞ்சியம்" என்று சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் புரியும் சொல்தானே?

புரியும் சொல்தான் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். நூலகத்தில் ஆய்வு மாணவர்களோடு உட்கார்ந்து தேடுவது என் வேலை. "அந்தத் தளத்தில் பார்த்துவிட்டேன் மேடம், தலைப்பு இருக்கிறது, கோப்பு இல்லை, கிடைக்காது போல" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் பார்த்த தளம் எந்தக் காலத்திலும் கோப்பை வைத்திருந்ததில்லை. ஆய்வேட்டைப் பற்றிய விவரத்தை வைத்துக்கொண்டு, கோப்பு இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டுவது மட்டுமே அதன் பணி. இணைப்பு அறுந்திருந்தால் ஆய்வேடே இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்துக்கு நேராகப் போய் ஆய்வாளர் பெயரைக் கொடுத்தால் பல சமயம் முதலிலேயே வந்து நிற்கும். இரண்டு வகைத் தளத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சோத்கங்காவைக் களஞ்சியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் தொடங்கி இந்தியாவின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அங்கே வந்து சேர்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள், கோப்பும் அங்கேயே. ஒவ்வொரு ஆய்வேடும் தலைப்புப் பக்கம், சான்றிதழ், அத்தியாயங்கள் என்று தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அந்தப் பட்டியலின் கடைசியில் 80 என்ற எண்ணோடு தொடங்கி 'ரெக்கமண்டேஷன்' என்று பெயரிட்ட கோப்பு ஒன்று இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதில் சேர்ந்திருக்கும். புதிதாகத் தேடுகிறவர்களை முதலில் அதைத்தான் திறக்கச் சொல்கிறேன். முழு ஆய்வேட்டையும் இறக்குவதற்கு முன், நமக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பேஸ் தேடுபொறியின் கதை வேறு. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் 2004 முதல் நடத்துகிறது. 30 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆவண வகையில் ஆய்வேட்டை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம். அத்தனையும் விவரப் பதிவுகளே, ஆவணங்கள் ஆயிரக்கணக்கான வேறு தளங்களில் இருக்கின்றன. மின்வடிவ ஆய்வேடுகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான என்.டி.எல்.டி.டி.யின் உலகத் தேடலும் அப்படியே. 1996-ல் தொடங்கிய அமைப்பு அது. அதற்கு வித்திட்ட விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997-லேயே மின்வடிவில் ஆய்வேடு தருவதைக் கட்டாயமாக்கியது. கட்டணமின்றித் திறந்திருக்கும் ஆய்வேடுகளைத் தேடித் தரும் ஓ.ஏ.டி.டி. தளமும் இதே இனம்.

இந்த வேறுபாடு வெறும் நூலகர் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. பிரிட்டிஷ் நூலகம் நடத்திய ஈத்தோஸ் சேவையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளின் விவரங்கள் இருந்தன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் அதுவும் முடங்கியது. பிரிட்டனின் ஆய்வேடுகளே போய்விட்டன என்று கலங்கி வந்தவர்களைப் பார்த்தேன். ஈத்தோஸ் தானே மின்படியாக்கி வைத்திருந்தவற்றுக்கு வழியில்லாமல் போனது உண்மை. ஆனால் அங்கே பட்டியலிடப்பட்ட பெருந்தொகையான ஆய்வேடுகள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் அப்போதும் திறந்தே இருந்தன. முடங்கியது பட்டியல். இதை உடனே புரிந்துகொண்டவர் வேலையைத் தொடர்ந்தார், புரியாதவர் காத்திருந்தார்.

> ஒரு துறைக்காரருக்கு அந்தத் துறையின் நூலகம் போதாதா? எதற்கு இவ்வளவு பெரிய பொதுப் பட்டியல்?

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து அது நீரில் எப்படிக் கரைகிறது என்பது நிலவியல் துறை ஆய்வேடு. எப்படி அளப்பது என்பது வேதியியல். எப்படி நீக்குவது என்பது குடிசார் பொறியியல், சில இடங்களில் வேதிப்பொறியியல். பல்லில் வரும் கறையைப் பல் மருத்துவர் எழுதியிருப்பார், எலும்பை மருத்துவத் துறை எழுதியிருக்கும். பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றிய ஆய்வு சமூகப்பணியிலோ மானுடவியலிலோ கிடக்கும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆளுக்கொரு திறவுச்சொல் வேறு. நிலவியலார் 'நீரடுக்கு' என்பார், பல் மருத்துவர் 'ஃபுளோரோசிஸ்' என்பார். ஆறு துறையையும் ஒரே பெட்டியில் தேட முடிகிற இடம் இந்தப் பொதுப் பட்டியல்தான். ஆய்விதழ்க் கட்டுரையாக வெளிவராத தரவு அட்டவணைகளும் வினாநிரல்களும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில்தான் கிடக்கின்றன. யாரோ ஆண்டுக்கணக்கில் அலைந்து திரட்டியது அடுத்தவர் கண்ணில் படாமலே போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

பெயர்க் குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு எழுதுவது டிசர்டேஷன், முதுகலைக்கு எழுதுவது தீசிஸ். பிரிட்டனில் பெரும்பாலும் தலைகீழ். ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். தமிழில் ஆய்வேடு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு முன்னால் பட்டத்தைச் சேர்க்கிறோம். அது நன்றாகவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

> ஹார்வெஸ்டிங் = அறுவடை. நேரான சொல், வேறு யோசிக்கவே வேண்டாம்.

பட்டியல் தளம் களஞ்சியங்களிலிருந்து விவரங்களைப் பெற்றுக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் ஹார்வெஸ்டிங் என்கிறார்கள். அறுவடை முடிந்தால் வயலில் தாள்தான் மிஞ்சும். இங்கே மூலத்தில் எதுவும் குறைவதில்லை. ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்ற நெறிமுறை 2001-ல் வந்தது, இன்று புழங்கும் இரண்டாம் பதிப்பு 2002-ல். பட்டியல் நடத்துகிறவரின் நிரல், களஞ்சியத்திடம் "போன முறைக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவை, மாறியவை எவை?" என்று கேட்கும். களஞ்சியம் விவரப் பதிவுகளை மட்டும் அனுப்பும். பதிவு என்றால் தலைப்பு, ஆய்வாளர், ஆண்டு, சுருக்கம், மொழி, இணைப்பு போன்றவை. டப்ளின் கோர் என்னும் 15 கூறு கொண்ட பொது வடிவம் இதற்குப் போதும். ஆனால் அதில் ஆய்வேட்டுக்கே உரிய பட்டம், துறை ஆகியவற்றுக்கு இடமில்லை. அதனால்தான் என்.டி.எல்.டி.டி. தன் மீதரவுத் தரத்தில் (விவரப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையில்) பட்டத்தின் பெயர், நிலை, துறை, வழங்கிய நிறுவனம் என்ற நான்கையும் சேர்த்தது. துறை என்ற அந்த ஒரு கூறு காலியாக வந்தால் துறைவாரியாக வடிகட்டுகிறவருக்கு அந்த ஆய்வேடு கண்ணிலேயே படாது. ஆய்வேட்டைப் பதிவேற்றும் நண்பர்கள் இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆக, இந்தச் செயலுக்குத் 'திரட்டல்', செய்யும் நிரலுக்குத் 'திரட்டி'. வலைப்பதிவுக் காலத்திலிருந்தே நம் வாயில் புழங்கும் சொல்.

> அப்படியானால் தளத்தையும் திரட்டி என்றே சொல்லலாமே?

நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் வலைப்பதிவுத் திரட்டியில் புதியது மேலே வரும், பழையது கீழே போய் மறையும். இங்கே 1930-களின் ஆய்வேடும் நேற்று வந்ததும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். திரட்டுவது உள்ளே நடக்கும் வேலை. தேடுகிறவர் கையில் கிடைப்பது ஒழுங்குபடுத்திய பட்டியல். பெயர் அதற்கு வேண்டும்.

'அடைவு' என்று ஒரு நண்பர் சொன்னது அழகான சொல், நூலடைவு என்று நாம் எழுதுகிறோம். ஆனால் கல்வித்துறையில் கற்றல் அடைவு, அடைவுத் தேர்வு என்று அது சாதனைப் பொருளில் வேரூன்றிவிட்டது. 'ஆய்வு அடைவு' என்றால் ஆய்வில் சாதித்தது என்று படிப்பார்கள். இலங்கையில் அடகு என்ற பொருளும் உண்டு.

என் முன்மொழிவு: 'ஆய்வேட்டு அடங்கல்'. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அடங்கலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். புல எண், பரப்பு, பயிர் எல்லாம் அதில் இருக்கும். நிலம் ஊரில் இருக்கும். அடங்கல் கிழிந்துபோனால் நிலம் போய்விடுவதில்லை.

கருத்துகளைச் சொல்லுங்கள்.

---

அக்கா, வணக்கம்.

களஞ்சியம், திரட்டி இரண்டுக்கும் உடன்படுகிறேன். அடங்கலில்தான் தயக்கம். வருவாய்க் கணக்கு அறியாத மாணவர் 'எல்லாம் உள்ளே அடங்கியது' என்று எடுத்துக்கொண்டால் களஞ்சியம் தந்த அதே குழப்பம்தானே திரும்ப வரும்? தவிர, ஆய்வடங்கல் என்ற சொல் அச்சுப் பட்டியல்களுக்கு ஏற்கெனவே உண்டு. இன்னொன்று, சந்தா கட்டி ஆய்வேடு தேடும் புரோக்வெஸ்ட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது?

---

தம்பி, நல்ல கேள்விகள். கடைசியிலிருந்து வருகிறேன்.

புரோக்வெஸ்ட்டின் வேர் 1938-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தொடங்கிய யுனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ் நிறுவனம். ஆய்வேடுகளை நுண்படச் சுருளில் எடுத்துப் பாதுகாத்ததும் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிட்டதும் ஒரே நிறுவனம். அதனால் இன்றைக்கும் அங்கே அடங்கலும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நூலகம் சந்தா கட்டியிருந்தால் கோப்பு கிடைக்கும். பதிவை மட்டும் வைத்திருக்கும் ஆய்வேடுகளும் அதில் உண்டு. ஒரு தளம் இரண்டு வேலையும் செய்வதால் இரண்டு சொல் வேண்டாம் என்று ஆகாது. "இதன் அடங்கலில் இருக்கிறது, களஞ்சியத்தில் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறதே, அதற்குத்தான் இரண்டு சொல்லும் வேண்டும்.

அச்சு ஆய்வடங்கல்கள் நமக்குத் துணைதான். அவற்றிலும் ஆய்வேடுகள் இல்லை, தலைப்பும் பெயரும் ஆண்டும் பல்கலைக்கழகமுமே இருந்தன. தாளில் செய்ததை இணையத்தில் செய்கிறோம், சொல்லும் தொடரட்டும். ஆனால் தனியாக 'ஆய்வடங்கல்' என்றால் ஆய்வுக் கட்டுரைகள், நூல்கள் எல்லாம் சேரும். ஆய்வேடுகளுக்கு மட்டுமானது 'ஆய்வேட்டு அடங்கல்'. அந்த நுணுக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

'உள்ளே அடங்கியது' என்ற தயக்கத்துக்குப் பிரான்சின் தீஸ்.எஃப்.ஆர். தளத்தைக் காட்டுகிறேன். அங்கே ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளோடு, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளும் பட்டியலில் இருக்கின்றன. தலைப்பு, நெறியாளர், பல்கலைக்கழகம் எல்லாம் பதிவாகிவிட்டன. ஆய்வேடு இன்னும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாத ஒன்று எந்தக் களஞ்சியத்திலும் இருக்க முடியாது. பட்டியலில் மட்டும்தான் இருக்க முடியும். நாம் எடுத்த தலைப்பை வேறு யாரேனும் செய்துகொண்டிருக்கிறார்களா என்று பார்க்க இதைவிடப் பயனுள்ள இடம் இல்லை. கலைச்சொல் விளக்கத்தில் இந்த எடுத்துக்காட்டை வைத்தால் மாணவருக்குச் சந்தேகம் எழாது என்று நம்புகிறேன். சொல் தானாகவே முழுப்பொருளையும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, முதல் முறை ஒரு வரி விளக்கம் எந்தக் கலைச்சொல்லுக்கும் தேவைப்படும்.

கையேட்டில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

ஆய்வேட்டுக் களஞ்சியம்: ஆய்வேட்டின் கோப்பைத் தன்னிடம் வைத்துக் காத்து, நிலையான முகவரியோடு தரும் இடம்.

ஆய்வேட்டு அடங்கல்: பல களஞ்சியங்களில் உள்ள, அல்லது இனி வரப்போகும் ஆய்வேடுகளின் விவரப் பதிவுகளை ஒரே இடத்தில் தேடத் தரும் பட்டியல். கோப்பு இங்கே இருக்க வேண்டியதில்லை.

திரட்டி: களஞ்சியங்களிலிருந்து விவரப் பதிவுகளை அவ்வப்போது பெற்று அடங்கலைப் புதுப்பிக்கும் நிரல்.

கோப்பு களஞ்சியத்தில் இருந்தும் குறிப்பிட்ட காலம் பூட்டி வைக்கிறார்களே, காப்புரிமை விண்ணப்பத்துக்காகவோ நூலாக வெளியிடுவதற்காகவோ, அதற்கு 'வெளியீட்டுத் தடைக்காலம்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள். அடங்கலுக்கு மறுப்பு உள்ளவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள். கையேட்டின் இரண்டாம் பகுதியை அச்சுக்கு அனுப்பும் முன் முடிவு செய்தாக வேண்டும்.