ஹெந்தளைச் சதுப்பு எப்ப நிரப்பினது எண்டு செய்மதிப் படத்தால காட்டலாமா?

ஹெந்தளைக்காரி:
எங்கட வீடு 12 பேர்ச்சஸ். பின்னால சதுப்பு, அம்மா கங்குன் கீரை பிடுங்கின இடம். அதில கிறவல் கொட்டி நிரப்பிப்போட்டினம். இப்ப ஒரு மணித்தியாலம் மழை பெய்தாலே குசினிக்குள்ள தண்ணி. போன மாதம் அரிசி வாளி மிதந்தது. "அது பத்து வருஷத்துக்கு முதலே நிரப்பின காணி" எண்டு நிரப்பின ஆக்கள் சாதிக்கினம். நிரப்பி நாலைஞ்சு வருஷம்தான். செய்மதிப் படம் விக்கிற முகவர் ஒருத்தரிட்டக் கேட்டன், குறைஞ்சது 25 சதுர கிலோமீற்றர் வாங்கோணுமாம். எனக்கு வேண்டியது ஒரு வளவு!

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அக்கா, கணினியில கூகுள் எர்த் போட்டு மணிக்கூட்டுக் குறியை அழுத்துங்கோ, பழைய படங்கள் வரும். படம் எடுத்த திகதியையும் குறிச்சு வையுங்கோ.

வரைபடக்காரன்:
தங்கச்சி, முகவர் சொன்னது பொய்யில்லை. ஒரு புள்ளி நிலத்தில 30, 50 சென்ரிமீற்றரைக் காட்டுற கூர்மையான படங்களைக் கம்பனிகள் பரப்பளவுக் கணக்கிலதான் விக்கும். ஏற்கெனவே எடுத்து வைச்ச படத்துக்கு 25 சதுர கிலோமீற்றர் வழமையான ஆகக்குறைஞ்ச அளவு. புதுசா எடுக்கச் சொன்னா 100 எண்டும் கேப்பினம். ஆனா உங்கட வழக்கே திகதிதானே. அதுக்குக் காசு தேவையில்லை.

2015இல ஏவின ஐரோப்பியச் செய்மதி சென்டினல்-2. படமெல்லாம் கொப்பர்னிக்கஸ் எண்ட ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின்ர இணையத்தளத்தில இலவசம். படத்தில ஒரு கட்டம் (பிக்சல்) நிலத்தில 10 மீற்றருக்கு 10 மீற்றர், எங்கட கணக்கில 4 பேர்ச்சஸ். உங்கட வளவு முழுக்க மூண்டே மூண்டு கட்டம், வீடு தெரியாது. ஆனா அரை ஏக்கர் நிரப்பியிருந்தா 20 கட்டம் நிறம் மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிஞ்ச பட்டையைச் சிவப்பாக் காட்டச் சொல்லிச் சேர்த்துப் பாருங்கோ: செடி மூடின சதுப்பு கடும் சிவப்பு, திறந்த தண்ணி கறுப்பு, கிறவல் வெளிறித் தெரியும்.

2017இல இரண்டாவது செய்மதியும் சேர்ந்தபிறகு 5 நாளைக்கு ஒருக்காப் படம் வந்தது. எண்டாலும் வைகாசி, ஆனி மாதங்களைத் தேடி மினக்கெடாதேங்கோ. வத்தளைப் பக்கத்து ஈரநிலங்களை வரைஞ்ச காலத்தில எனக்கு அந்த மாதங்களில கிடைச்சது முழுக்க முகில்தான். தை தொடங்கிப் பங்குனி வரை பாருங்கோ.

நிரப்பமுதல் ஒண்டு, நிரப்பினபிறகு ஒண்டு எண்டு திகதி அகப்பட்டால், அந்தக் காலத்துக் கூர்மையான படம் மட்டும் வாங்கலாம். சில இணையத் தளங்கள் 1 சதுர கிலோமீற்றர் அளவுக்கும் வெட்டித் தருகினம். காசு கட்டமுதல், அச்செடுத்து முறைப்பாட்டோட இணைக்க அனுமதி இருக்கா எண்டு எழுத்தில கேளுங்கோ. வாங்கின கோப்பை இன்னொருத்தருக்குக் குடுக்க உரிமம் பெரும்பாலும் விடாது. சென்டினலுக்கு அந்தத் தொல்லையில்லை, தரவு ஆற்றையெண்டு குறிப்பிட்டால் போதும்.

அளவைக்காரன்:
எல்லைப் பிரச்சினை எண்டு வந்தால் செய்மதிப் படம் நிக்காது, அனுமதிப்பத்திரமுள்ள நில அளவையாளரின்ர பிளான் வேணும். நாரஹேன்பிட்டியில நில அளவைத் திணைக்களத்தில பழைய வான்படங்களையும் விசாரியுங்கோ.

ஹெந்தளைக்காரி:
அண்ணா, ராத்திரி இருந்து தேடினன். 2021 மாசிப் படத்தில எல்லாம் சிவப்பு. 2022 தையில 14 கட்டம் வெளிறிக் கிடக்கு. அம்மா திரையில விரல் வைச்சு எண்ணினா. எங்கட வேலியில இருந்து ரெண்டாவது கட்டம்தான் கங்குன் பாத்தியாம். நாளைக்கு ரெண்டையும் அச்செடுக்கிறன்.