லண்டன் ஒயிட்ஹால்ல போர் நினைவுச்சின்னம் பாக்க எங்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
அடுத்த மாசம் லண்டன் போறேன், ஒரு மதியம் ஃப்ரீ. டிரஃபால்கர் ஸ்கொயர்ல இருந்து பார்லிமென்ட் வரைக்கும் ஒயிட்ஹால் ரோட்டுல நடந்தா எதை மிஸ் பண்ணக்கூடாது?

பதில் 1:
செனோடாஃப், அதாவது போர்ல இறந்தவங்களுக்கான நினைவுத் தூண், அது முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க. நம்ம டெல்லி இந்தியா கேட்டை டிசைன் பண்ண லட்யன்ஸ்தான் இதையும் பண்ணாரு. 1919ல மரத்துலயும் பிளாஸ்டர்லயும் தற்காலிகமா வெச்சாங்க, ஜனங்க பூவைக் கொண்டு வந்து குவிச்சதைப் பாத்துட்டு 1920ல கல்லுல நிரந்தரமா கட்டிட்டாங்க. சிலுவை கிடையாது, எந்த மத அடையாளமும் இல்ல, உள்ள யாரையும் புதைக்கவும் இல்ல. எல்லாருக்கும் பொதுவா இருக்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பதில் 2:
அதுக்குப் பக்கத்துலயே ரோட்டு நடுவுல இரண்டாம் உலகப்போர்ல வேலை பாத்த பெண்களுக்கான சின்னம் இருக்கு, 2005ல திறந்தது. உருவமே கிடையாது, ஆணில மாட்டின மாதிரி 17 செட் யூனிஃபார்ம், தொப்பி, கோட்டு எல்லாம் வெண்கலத்துல. வேலை முடிஞ்சதும் கழட்டி மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு தோணும், குதிரை மேல உக்காந்த ஜெனரல் சிலையை விட இது மனசைத் தொடுது.

பதில் 3:
பாதுகாப்பு அமைச்சகம் வாசல்ல பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் சிலையை விட்டுறாதீங்க, இரண்டாம் உலகப்போர்ல பர்மாவுல அவர் நடத்துன 14வது ஆர்மில பெரும்பகுதி இந்திய சிப்பாய்ங்க. அவங்களையும் நினைவுகூர்ற சின்னம் பாக்கணும்னா கான்ஸ்டிடியூஷன் ஹில்ல 2002ல திறந்த மெமோரியல் கேட்ஸ் போங்க, கொஞ்சம் தள்ளி நடக்கணும், ஆனா கட்டாயம் போங்க.