செல் சமிக்ஞை அலைவுகள்: 'லிமிட் சைக்கிள்' என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

செல்களின் சமிக்ஞை வழித்தடங்களில் தோன்றும் அலைவுகளைக் கணித மாதிரிகளால் விளக்கும்போது, ஆங்கிலத்தில் 'லிமிட் சைக்கிள்' எனப்படும் கருத்துக்கு 'எல்லைச் சுழற்சி' என்ற சொல்லைக் கொள்ளலாம் என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லை என்றவுடன் வேலியும் வரப்பும்தான் மனத்தில் எழுகின்றன. பிரெஞ்சுக் கணிதவியலார் புவான்கரே 1880களில் கண்டதோ, அருகில் தொடங்கும் பாதைகள் காலம் செல்லச் செல்லத் தன்னை நெருங்கி வருமாறு அமைந்த ஒரு மூடிய வளைகோடு. பிற பாதைகள் சென்று அடைவது என்ற அந்தப் பண்பு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால், 'அடைசுற்று' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. அடைந்த, அடைகின்ற, அடையும் சுற்று என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. அடைத்தல் என்ற பொருளில் எடுத்துக்கொள்பவர்களுக்கும் மூடிய சுற்று என்றே படும்; அதிலும் பிழையில்லை.

அருகிலுள்ள பாதைகள் விலகிச் செல்லும் நிலையற்ற 'லிமிட் சைக்கிள்' உண்டே, அதை எந்தப் பாதையும் சென்று அடைவதில்லையே என்று கணிதம் பயின்றவர்கள் கேட்கக்கூடும். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அருகிலுள்ள பாதைகள் அதையும் அடைகின்றன என்பதால், 'நிலையற்ற அடைசுற்று' என்று சொல்வதில் முரண் இல்லை.

பள்ளி இயற்பியலில் வழங்கும் 'நிலைநிறுத்தப்பட்ட அலைவு' போதாதா என்ற கேள்வியையும் பார்க்க வேண்டும். அச்சொல், வெளியிலிருந்து ஒருவர் அளவோடு ஆற்றலை ஊட்டிக்கொண்டிருப்பதைக் குறிக்கிறது. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவதைப் போல. செல்லுக்குள் தாளம் போட்டுத் தள்ளுபவர் எவரும் இல்லை. ஈரல் செல்களில் ஹார்மோனின் தூண்டுதலால் கால்சியம் மீண்டும் மீண்டும் உயர்ந்து தாழ்வதை 1986இல் அளந்தபோது, ஹார்மோனின் செறிவு மாறாமல் இருக்கையிலேயே அலைவு நிகழ்ந்தது; செறிவைக் கூட்டியபோது அதிர்வெண் கூடியதே தவிர, ஒவ்வோர் உயர்வின் வீச்சும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. தொடக்க நிலை எதுவாயினும், வீச்சையும் அலைவுக்காலத்தையும் அமைப்பின் உள்மாறிலிகளே முடிவு செய்கின்றன. இத்தகைய நிகழ்வைத் 'தன்னலைவு' என்றும், அதைக் குறிக்கும் வடிவத்தைக் கட்டவெளியில், அதாவது அமைப்பின் மாறிகளையே அச்சுகளாகக் கொண்ட வெளியில், வரையும்போது 'அடைசுற்று' என்றும் பிரித்து வழங்கினால் உயிரியலாருக்கும் கணிதவியலாருக்கும் குழப்பம் இராது.

இந்தப் பிரிவினை எவ்வளவு தேவை என்பதற்குப் பி53 என்ற புரதமே சான்று. டிஎன்ஏ சேதமுற்ற செல்களில் பி53 தன்னை அழிக்கும் எம்டிஎம்2 புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அப்புரதம் பெருகிப் பி53ஐக் குறைக்கிறது. பல்லாயிரம் செல்களைச் சேர்த்து அரைத்து அளந்தால் வீச்சு படிப்படியாகச் சுருங்குவதால், எவரும் அதைத் 'தடையுறு அலைவு' என்றே எழுதுவர். ஆனால் கலித் லஹாவும் உரி அலோனும் அவர்களுடைய குழுவினரும் 2004இல் ஒற்றைச் செல்களில் பார்த்தபோது, கதிர்வீச்சு கூடக் கூடத் துடிப்புகளின் எண்ணிக்கை கூடியதே அன்றி, ஒரு துடிப்பின் சராசரி உயரமோ அகலமோ கதிர்வீச்சின் அளவைப் பொறுத்து மாறவில்லை. செல்கள் ஒன்றோடொன்று கட்டம் பிசகி, வெவ்வேறு நேரங்களில் துடிப்பதால் சராசரிதான் மங்கியது. இதைச் 'சராசரி மங்கல்' என்று தனியே குறிப்பிடுவதே முறை.

அதற்காகப் பி53இன் துடிப்புகளைத் தன்னலைவு என்று உடனே முத்திரை குத்திவிடவும் கூடாது. சேதத்தை உணரும் ஏடிஎம் நொதி ஒவ்வொரு முறையும் மீண்டும் கிளர்ந்தால்தான் அடுத்த துடிப்பு தொடங்குகிறது என்று 2008இல் காட்டப்பட்டது. ஆகவே 'துடிப்பு' என்ற பழகிய சொல்லைக் கருத்துச் சுமையில்லாத விவரிப்புச் சொல்லாகவே வைத்துக்கொள்வோம். அடைசுற்று உண்டா என்பது மாதிரியைக் கொண்டு நிறுவ வேண்டிய செய்தி.

நிறுவுவதும் எளிதன்று. எதிர்ப் பின்னூட்டம், அதாவது விளைபொருள் தன் உற்பத்தியைத் தானே குறைப்பது, மட்டும் இருந்தால் அலைவு வந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். ஒரு மரபணுவின் விளைபொருளே அம்மரபணுவை ஒடுக்குவதை விவரித்துக் குட்வின் 1965இல் தந்த மாதிரியின் மூன்றுபடி வடிவத்தை கிரிஃபித் 1968இல் ஆராய்ந்து, ஒடுக்கும் புரதத்தின் ஹில் அடுக்கு (செறிவு கூடும்போது ஒடுக்கம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் காட்டும் எண்) 8ஐத் தாண்டினால்தான் தன்னலைவு கிடைக்கும் என்று காட்டினார். உயிரியலில் அது மிகையான எண். இடையில் காலப் பிந்தலைச் சேர்த்தால் இந்த நெருக்கடி தளர்கிறது. ஹெஸ்1 புரதம் தன் மரபணுவையே ஒடுக்கி, ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அலைவதை 2002இல் கண்டனர்; மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படியெடுத்தலுக்கும் புரதம் உருவாவதற்கும் ஆகும் நேரத்தைச் சமன்பாட்டில் நேரடியாகச் சேர்த்து, நிக் மங்க் 2003இல் அதை விளக்கினார். இந்தப் பிந்தலுக்குச் 'சுணக்கம்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. தாமதம் என்றால் நேரந்தவறியது என்ற குறை தொனிக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது, பலன் வரத்தான் நேரமாகிறது என்பதைச் சுணக்கம் சொல்லிவிடுகிறது. 'சுணக்க வகைக்கெழுச் சமன்பாடு' என்பதும் வாயில் தடையின்றி வருகிறது.

ஒரு சிக்கலை மட்டும் என்னால் தீர்க்க இயலவில்லை. மின்னியலார் 'சுற்று' என்பதை மின்சுற்றுக்கே ஒதுக்கிவிட்டனர். செயற்கை உயிரியலில், ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் மரபணுக்களின் அமைப்பை மரபணுச் சுற்று என்னும் வழக்கும் வந்துவிட்டது. 'இந்த மரபணுச் சுற்றில் ஓர் அடைசுற்று உண்டு' என்ற வாக்கியம் காதை உறுத்துகிறது. அதற்காக 'அடைவளையம்' என்று மாற்றினால், பின்னூட்ட வளையத்தோடு மோதுகிறது. இரண்டில் எந்த மோதல் குறைந்த தீங்கு என்பதை, இத்துறையில் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.