பயோகேஸ் திட்டத்துக்கு ஆளுக்கொரு கணக்கா? 28-க்குப் பதில் சொல்லுங்க

ஆலைக்கணக்கு:
நம்ம ஊர் செம்பனை ஆலையோட பயோகேஸ் திட்டம் பத்தி பாய்லர்காரன் நேத்து எழுதினதைப் படிச்சு எரிச்சல் தாங்கல. ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு, இயக்குநர்களுக்குக் கொடுக்கிற திட்ட அறிக்கையில 28 கன மீட்டர் கேஸ், வங்கிக்கு 22-ன்னு போடலாமாம். ஆளுக்கு ஏத்த மாதிரி எழுதுறது வேற, ஆளுக்கொரு கணக்கு எழுதுறது வேற. கழிவுநீரைச் செரிக்க வச்சு கேஸ் எடுக்கிற குளம் ஒண்ணுதானே?

பாய்லர்காரன்:
28 நான் கண்டுபிடிச்சதில்ல, இந்தத் தொழில்ல எல்லாரும் போடுற எண்ணு. நல்லா ஓடினா என்ன கிடைக்கும்னு இயக்குநர் கேட்பார். மோசமா ஓடினாலும் தவணை கட்டுவீங்களான்னு வங்கி கேட்கும். கேள்வி வேற, பதிலும் வேற.

ஆலைக்கணக்கு:
எல்லாரும் போட்டா சரியாயிடுமா? கழிவுநீர்ல சிஓடி, அதாவது தண்ணியில இருக்கிற கரிம அழுக்கோட அளவு, லிட்டருக்கு 50,000 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 50 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன், ஆக 17.5. கேஸ்ல மீத்தேன் 60 விழுக்காடுன்னா 29 வரும், அதுவும் சிஓடி முழுக்கச் செரிச்சாத்தான். 28 வரணும்னா 96 விழுக்காடு செரிக்கணும். விரிப்பு போட்டு மூடின குளத்துல, அடியில சேறு கட்டி, சரியான கலக்கலும் இல்லாம 80 வந்தாலே பெரிசு. அப்ப 23-தான். வருஷத்துக்கு 200,000 டன் செம்பனைக் குலை, டன்னுக்கு 0.65 கன மீட்டர் கழிவுநீர், கேஸை எரிச்சு மின்சாரம் எடுக்கிற எஞ்சினோட திறன் 38 விழுக்காடு. 28-க்கு 8.3 மில்லியன் கிலோவாட் மணி, 22-க்கு 6.5. நடுவுல இருக்கிற 1.8 மில்லியனுக்கு யார் பொறுப்பு?

வங்கிமேசை:
22 கொடுத்தா வங்கியோட பொறியாளர் 18 ஆக்குவார், கடனே கிடைக்காது. அவங்க முதல்ல பார்க்கிறது, குலை குறையிற மாசத்துல தவணை எப்படி, எஞ்சினைப் பிரிச்சு மாட்டுற செலவுக்குப் பணம் ஒதுக்கியாச்சா, மின்சாரம் வாங்க ஒப்பந்தம் இருக்கா. 28-ஆ 22-ஆங்கிறது அதுக்கப்புறம்.

ஆலைக்கணக்கு:
குலை குறையிற மாசத்தையும் அதே 28-ஆலதானே பெருக்குறீங்க!

லயத்துப்பிள்ளை:
லயத்துல, அதாவது தொழிலாளர் குடியிருப்புல, கொடுக்கிற தாள்ல அந்த எண்ணே வேணாம். நாத்தம் எப்பக் குறையும், மிச்சக் கேஸை எரிக்கிற எரிகுழாய் எந்தப் பக்கம், ராத்திரி எஞ்சின் சத்தம் கேட்குமா, இதைப் போடுங்க. தொழிலாளிக்கு ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷவாயு பத்திப் போடுங்க. சுத்தப்படுத்தாத கேஸ்ல அது 1,500-லிருந்து 3,000 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) வரைக்கும் இருக்கும். 100 பிபிஎம்லேயே மூக்கு மரத்துடும். நாத்தம் போயிடுச்சுன்னு நம்பி நிக்கிற ஆளுதான் விழுவான். சட்டையில மாட்டுற கேஸ் மீட்டர் யார் யாருக்குன்னு எழுதுங்க. போன வருஷம் சோலார் கூட்டத்துல, கோயில் மண்டபத்துல உட்கார்ந்தவங்களுக்கு இயக்குநர்களுக்குச் செஞ்ச ஸ்லைடையே ஓட்டினாரே பாய்லர்காரன்!

பாய்லர்காரன்:
அந்த ஸ்லைடு நான் செஞ்சதில்ல, பழசைக் கிளறாதீங்க. லயத்துல வங்காளதேசத்துக்காரங்க, இந்தோனேசியாக்காரங்க இருக்காங்க. தமிழ்த் தாள் யாருக்கு?

லயத்துப்பிள்ளை:
மூணு மொழியிலயும் போடுங்க. செலவா, மனசா, எது இல்ல?

வங்கிமேசை:
மொழிச் சண்டை வேணாம்லா. ஜாஸை, அதான் சுற்றுச்சூழல் துறையை, மறந்துட்டீங்க. அவங்களுக்குக் கேஸ் கணக்கே வேணாம், வெளியேறுற தண்ணியில பிஓடி, அதாவது நுண்ணுயிர் சிதைக்கக்கூடிய அழுக்கு, எவ்வளவுன்னுதான் பார்ப்பாங்க.

ஆலைக்கணக்கு:
அங்கேதான் மாட்டுவீங்க. 28-ன்னா 96 விழுக்காடு செரிச்சாச்சு, தண்ணியில அழுக்கு கொஞ்சம்தான் மிச்சம்னு அர்த்தம். ஆனா ஜாஸ் தாள்ல கடைசிக் குளத்துக்குக் கூடுதல் காத்தூட்டம் வேணும்னு எழுதுவீங்க. ரெண்டையும் வங்கிப் பொறியாளர் ஒண்ணா வச்சுப் பார்த்தா? முதல்ல ஒரே ஒரு அனுமானத் தாள் போடுங்க: குலை, கழிவுநீர், சிஓடி, செரிமானம், மீத்தேன், எஞ்சின் திறன், ஓடுற மணி நேரம். ஒவ்வொண்ணுக்கும் கீழ், நடு, மேல்னு மூணு எண்ணு, மேல தேதி. இயக்குநர் தாளும் வங்கித் தாளும் அதுலிருந்துதான் எடுக்கணும். வங்கிக்குக் கீழ் வரிசையை முன்னால வைங்க, இயக்குநருக்கு மூணையும் காட்டுங்க. 28 மேல் வரிசையில மட்டும்.

பாய்லர்காரன்:
28 நடு வரிசையிலதான் இருக்கும். 2014-லிருந்து புது ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் மீத்தேனைப் பிடிக்கணும், இல்ல தவிர்க்கணும்னு எம்பிஓபி, அதான் மலேசியச் செம்பனை வாரியம், நிபந்தனையே போட்டிருக்கு. சின்ன எண்ணைக் காட்டினா எந்த இயக்குநர் கையெழுத்துப் போடுவார்?

ஆலைக்கணக்கு:
நம்ம ஆலை பழசு, விரிவாக்கமும் இல்ல. கட்டாயம் இல்லாத இடத்துலதான் கணக்கு சுத்தமா இருக்கணும். 96 விழுக்காடு செரிக்கிற மூடின குளம் எந்த ஆலையில இருக்கு? பேரைச் சொல்லுங்க.

பாய்லர்காரன்:
28-தான் போடுவேன்.