முதல் ஸ்டீரியோவுக்கு 400 வெள்ளிக்குள் ஆம்ப்ளிஃபையர்: புதிய சிறுபெட்டியா, பழைய கனப்பெட்டியா?

ஈசூன்_இசைப்பிரியன்:
சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் முதன்முறையாக ஸ்டீரியோ அமைக்கிறேன். அப்பாவின் டர்ன்டேபிளும் (இசைத்தட்டு இயக்கி), 86 டெசிபல் உணர்திறனும் 8 ஓம் மின்மறுப்பும் கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கரும் கைவசம் உள்ளன. ஆம்ப்ளிஃபையருக்கு 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் இயலாது. டிபிஏ3255 என்னும் ஆம்ப்ளிஃபையர் சில்லு பொருத்திய, “300 வாட்” என்று விளம்பரப்படுத்தப்படும் புதிய சிறுபெட்டியை வாங்குவதா, கேரோசல் இணையச் சந்தையில் ஒருவர் 280 வெள்ளிக்கு விற்கும், பயன்படுத்திய ஆம்ப்ளிஃபையரான யமாஹா ஏ-எஸ்301-ஐ வாங்குவதா?

தெம்பனிஸ்_கனப்பெட்டி:
யமாஹாவையே வாங்குங்கள். 300 வாட் என்பது 4 ஓம் சுமையில், ஒலிச்சிதைவை 10 விழுக்காடு வரை அனுமதித்து, அந்தச் சில்லு தாங்கும் உச்ச மின்னழுத்தத்தைக் கொடுத்தால் கிடைக்கும் எண். இத்தகைய பெட்டியுடன் பெரும்பாலும் வருவதோ 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். பெருக்கிப் பாருங்கள், மொத்தமே 160 வாட். உங்கள் 8 ஓம் ஸ்பீக்கர்களில், இடம் வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 60 வாட்டிலேயே ஒலி சிதையத் தொடங்கிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஜூரோங்_சிறுபெட்டி:
கணக்கு சரிதான், ஆனால் அது உங்கள் வாதத்தையே கவிழ்க்கிறது. ஏ-எஸ்301-உம் பக்கத்துக்கு 60 வாட்தான். மேலும், அவருடைய ஸ்பீக்கர் வெறும் 1 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் தருகிறது. சாதாரணப் பேச்சு அதே தொலைவில் 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இரவில் அக்கம்பக்கத்தாருக்காக ஒலியைக் குறைக்க வேண்டிய வீட்டில், 5 வாட்டைத் தாண்டும் வேளையே அரிது. சிறுபெட்டியில் உள்ள ‘டி’ வகுப்புச் சுற்று (‘டி’ என்றால் டிஜிட்டல் என்று நினைப்பவர்கள் இன்னும் உள்ளனர்; அது வெறும் வரிசை எழுத்து) மின்சாரத்தை மிகக் குறைவாகவே வெப்பமாக வீணாக்குவதால், புழுக்கமான அலமாரிக்குள்ளும் அதிகம் சூடேறாமல் இருக்கும்.

தெம்பனிஸ்_கனப்பெட்டி:
வாட்டை விடுங்கள், அவரிடம் டர்ன்டேபிள் இருப்பதை மறந்துவிட்டீர்கள். அதன் மூவிங் மேக்னட் (நகரும் காந்த) வகை ஊசித்தலையிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்; சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். அது மட்டுமன்று, இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிவு செய்கிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் ஃபோனோ சுற்று யமாஹாவுக்குள்ளேயே உள்ளது. சிறுபெட்டியில் நேராகச் செருகினால், பக்கத்து வீட்டு வானொலி சுவர் வழியே கேட்பது போல மெலிந்த ஒலிதான் வரும்.

ஜூரோங்_சிறுபெட்டி:
ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தனி ஃபோனோ பெட்டி ஒன்றைச் சேர்த்தாலும் 400 வெள்ளிக்குள் அடங்கும். இரண்டும் புதியவை, உத்தரவாதத்துடன் வருபவை. அந்த யமாஹாவை எத்தனை பேர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

தோ_பாயோ_மூத்தவர்:
பழையதை வாங்குவதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு எம்ஆர்டி ரயில் நிலையத்தின் படிக்கட்டருகே பணத்தைக் கொடுத்து, பளபளவென்றிருந்த ஓர் ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மூன்று முள் பிளக் மாட்டியிருந்ததால் பின்புறத் தகட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. அது ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் பெட்டி. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். சுவிட்சைத் தட்டியதும் ‘டப்’ என்ற ஒரு சத்தம், பிறகு கருகிய வார்னிஷ் வாடை. விற்றவரைக் குறைசொல்ல முடியவில்லை, அவரும் அப்படியே வாங்கி வைத்திருந்தாராம்.

ஜூரோங்_சிறுபெட்டி:
பார்த்தீர்களா?

தெம்பனிஸ்_கனப்பெட்டி:
இது பழைய பெட்டியின் குற்றமன்று, பார்க்காமல் வாங்கியதன் குற்றம். பெரியவர் மன்னிக்க வேண்டும்.

ஈசூன்_இசைப்பிரியன்:
அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டேன். 230 வோல்ட் என்று தெளிவாக இருக்கிறது. வெளியே சந்திக்காமல் அவர் வீட்டுக்கே சனிக்கிழமை டர்ன்டேபிளைத் தூக்கிச் செல்லப் போகிறேன்.

ஜூரோங்_சிறுபெட்டி:
அப்படியானால் ஒலிக்குமிழை மெல்லத் திருப்பி, இரு பக்கமும் கரகரப்பின்றி ஒரே சீராக ஏறுகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் 280 வெள்ளி அதிகம். என் சிறுபெட்டிக்குத் திரும்பி வாருங்கள்.