திருப்பம் முடிவதற்குள் சுவர் வந்துவிடுகிறது – உள்ளரங்கில் ஓட்டுபவர்கள் உதவவும்

சுவர்முட்டி:

வணக்கம். உள்ளரங்கில் ஆர்.சி. விமானம் (ரேடியோ ரிமோட்டில் பறக்கும் சிறு விமானம்) ஓட்டும் குழு ஒன்றில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. கூடைப்பந்து அரங்கத்தில் வாரம் ஒருநாள் கூடுகிறோம். என்னிடம் இருப்பது பழைய போர் விமானத்தின் வடிவில் ஒரு ஃபோம் விமானம். நாலு சேனல் (ரிமோட்டில் நாலு தனித்தனிக் கட்டுப்பாடு), சாய்வைத் தானே சரிசெய்யும் ஜைரோ உண்டு, இறக்கை நுனிக்கு நுனி 45 செ.மீ. பெட்டியில் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன்.

கையிலிருந்து விட்டதும் நேராக, அழகாகவே போகிறது. கோடியில் திருப்புகிறேன். பாதி திரும்புவதற்குள் சுவர். போன வாரம் ஐந்து பேட்டரி தீர்ந்தும் ஒரு முழு வட்டம் போடவில்லை. கடைசி முறை கூடைப்பந்து வளையத்தின் வலைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, ப்ரொப்பெல்லர் கிர்ரென்று வலையைச் சுருட்ட, அப்படியே தொங்கியது. த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குழுவில் ஒரு பெரியவர் வந்து என் கையிலிருந்த ரிமோட்டின் ஸ்டிக்கைக் கீழே இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன். வெறும் குச்சியும் மெல்லிய தாளுமாக இருக்கும் ஒன்றை, ஆள் நடக்கும் வேகத்தில், என் தலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். சிமுலேட்டரில் நாற்பது மணி நேரம் பழகியவன் நான். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜைரோவை அணைத்துவிடலாமா? வேகத்தைக் குறைத்தால் திருப்பத்தில் பொத்தென்று விழுகிறதே, ஏன்? அப்புறம், கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று 150 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்குப் பதில் 300 போட்டிருக்கிறேன். அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?

அரைத்த்ராட்டில்:

முதலில் அந்த 300ஐக் கழற்றுங்கள். மற்றதைப் பெரியவர்கள் யாராவது வந்து சொல்வார்கள்.

பழைய கிரிஸ்டல்:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன்.

தம்பி, விமானத்தைத் தராசில் வைத்துப் பார்த்தீர்களா? நீங்கள் சொல்கிற அளவு, பெரிய பேட்டரி, மோதி மோதி ஒட்டிய டேப் எல்லாம் சேர்த்தால் 60 கிராம் வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தச் சின்ன இறக்கைக்கு அது அதிகம். விழாமல் நிற்கவே விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகம் வேண்டும். நிம்மதியாகப் பறக்க 7 மீட்டர். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 4 விநாடி. யோசிப்பதற்கு அதில் எங்கே நேரம்?

இனி ஜைரோ. தொடக்கநிலை மோடில் அது விமானத்தை ஓரளவுக்கு மேல் சாய விடாது. உங்களுடையது எத்தனை பாகையில் நிறுத்துகிறதோ, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டர் வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் எட்டரை மீட்டருக்கு மேல். விட்டம் 17 மீட்டர். ஆடுகளத்தின் அகலமோ 15. அதாவது நீங்கள் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளிப் பிடித்திருந்தாலும் அந்த வட்டம் கோட்டுக்குள் அடங்காது. ஐந்து பேட்டரியும் உங்கள் கையால் வீணாகவில்லை.

அந்தப் பையனிடம் இருப்பது பார்க்ஸோன் வேப்பர் என்ற மிக லேசான உள்ளரங்கு விமானத்தின் வகையறாவாக இருக்க வேண்டும். அது சுமார் 15 கிராம். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய உங்களுடையது அளவுக்கு உண்டு, எடையோ கால் பங்கு. எடை கால் பங்கானால் பறக்கத் தேவையான வேகம் பாதியாகும், வேகம் பாதியானால் வட்டத்தின் ஆரம் கால் பங்காகும். உங்கள் 17 மீட்டர் அவனுக்கு நாலேகால். உங்கள் தலையைச் சுற்றத்தான் செய்வான்.

பொத்தென்று விழுவதற்குக் காரணமும் இதுவே. சாய்ந்து திரும்பும்போது இறக்கை விமானத்தைத் தூக்குவதோடு வளைக்கவும் வேண்டும். 60 பாகை சாய்த்தால் இரண்டு மடங்கு சுமை, அப்போது விழாமலிருக்கத் தேவையான வேகம் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. நீங்கள் ஜைரோவை அணைத்து, சுவருக்குப் பயந்து த்ராட்டிலையும் குறைத்து, நன்றாகச் சாய்த்தும் விட்டால் விழாமல் என்ன செய்யும்? ஆகவே அதை மட்டும் அணைப்பது தீர்வில்லை. அந்த விமானம் காற்றில்லாத காலையில் திடலில் ஓட்ட வேண்டியது. அங்கே அருமையாகப் பறக்கும், எடுத்துப்போய்ப் பாருங்கள். உள்ளே ஓட்ட 20 கிராமுக்குள் ஒன்று தேடுங்கள். ஏலரான் (இறக்கையில் அசையும் மடல்) வேண்டாம், ரட்டர் (வாலில் இடவலமாகத் திருப்புவது), எலிவேட்டர் (வாலில் மூக்கை மேலும் கீழும் அசைப்பது), த்ராட்டில் போதும். இறக்கை இரண்டும் நுனிப்பக்கம் சற்றே மேல்நோக்கி V போல இருக்கட்டும். ரட்டரை அசைத்தால் தானே சாய்ந்து தானே திரும்பும்.

எடை விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் உள்ளரங்குக்கு வரவே மாட்டேன். ஒருமுறை 18 கிராம் விமானத்தின் உடைந்த மூக்கை எபாக்சி குழைத்து அப்பிவிட்டேன். மறுநாள் மூக்கைக் குத்திக்கொண்டே போனது. நிறுத்துப் பார்த்தால் பசை மட்டும் 2 கிராம், அதுவும் முழுக்க மூக்கில். கத்தியால் செதுக்கி எடுக்க ஒரு மாலை போயிற்று. விமானமே அதோடு சரி.

இன்னொன்று, உள்ளே காற்று கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ.சி. துவாரத்துக்கு நேர் கீழே போகும் 15 கிராம் விமானம், யாரோ உள்ளங்கையால் அமுக்கியதுபோல ஒரு மீட்டர் இறங்கும். யாராவது கதவைத் திறந்தாலே ஒதுங்கும். முன்னால் போகிறவனின் பின்காற்றில் மாட்டினாலும் ஆடும். இதனால்தான் எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவோம், மின்விசிறியை நிறுத்தச் சொல்வோம், விழுந்ததை எடுக்க நடுவே போகிறவர் 'உள்ளே வர்றேன்' என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

(பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வருவதற்கு முன் ஒவ்வொரு ரேடியோவுக்கும் அதன் சேனலை முடிவுசெய்யும் ஒரு கிரிஸ்டல். இருவருக்கு ஒரே சேனல் அமைந்துவிட்டால் ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நான் நிறைய உட்கார்ந்தவன்.)

வெள்ளைத்திரை:

கிரிஸ்டல் அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் லேசான விமானம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நான் வேப்பர் வாங்கியும் முதல் மாதம் முழுக்க முட்டிக்கொண்டுதான் இருந்தேன். போகும்போது சரியாகத்தான் போகும். என்னை நோக்கித் திரும்பி வரும்போதுதான் வலது இடதாகிவிடும். எனக்கு உதவியது ஒரே ஒரு பழக்கம்: விமானம் முகத்துக்கு நேரே வருகிறதா, எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்ததற்கு முட்டுக் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். வலமா இடமா என்று யோசிக்கவே வேண்டாம்.

சிமுலேட்டரில் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன், உயரம் வேண்டுமென்றால் எலிவேட்டரை இழுப்பீர்கள். மெதுவிமானத்தில் உயரம் த்ராட்டிலில் இருக்கிறது. திருப்பத்துக்குள் நுழையும்போதே ஒரு நூலளவு த்ராட்டில் கூட்டுங்கள், எலிவேட்டர் தொட்டும் தொடாமலும். வழக்கத்தைவிட அதிகம் த்ராட்டில் கொடுத்தால்தான் உயரம் நிற்கிறது என்றால் பேட்டரி முடியப் போகிறது, இறக்கிவிடுங்கள். லைப்போவை (இந்த விமானங்களின் லித்தியம் பேட்டரியை) செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் அது மறுபடி பழையபடி இருக்காது. வீட்டில் சும்மா வைப்பதென்றால் 3.8 வோல்ட்டில்.

சுவர்முட்டி:

எல்லோருக்கும் நன்றி. தராசில் வைத்தேன். 63 கிராம். அதில் டேப் மட்டும் 4. சத்தியமாக நான் அத்தனை ஒட்டியதாக ஞாபகமே இல்லை.

போன முறை அந்தப் பெரியவரிடமே கேட்டு, அவருடைய 17 கிராம் விமானத்தை ஒரு பேட்டரிக்கு வாங்கி ஓட்டினேன். முதல் ஒரு நிமிடம் கோபம்தான் வந்தது. ஸ்டிக்கைத் தள்ளினால் உடனே ஒன்றும் நடப்பதில்லை. சோம்பல் முறித்துவிட்டுத்தான் திரும்புகிறது. நான் மறுபடி தள்ள, அதிகமாகச் சாய, பதறி எதிர்ப்பக்கம் தள்ள... சுவரில் முட்டியது. ஆனால் முட்டிய சத்தமே இல்லை. காகிதம் விழுவதுபோல நழுவி இறங்கியது, ஒன்றும் உடையவில்லை. அதற்குப் பிறகு பயம் விட்டுப்போனது. ஒன்பது முழு வட்டம், எண்ணினேன். பத்தாவதில் பின்பக்கத் திரைச்சீலையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பையன்தான் எடுத்துக்கொடுத்தான்.

ஒரு சந்தேகம். நானே ஒன்று செய்யலாமா என்று 3 மி.மீ. டெப்ரான் (லேசான ஃபோம்) தாளும் கார்பன் குச்சியும் வாங்கிவிட்டேன். வீட்டிலிருக்கும் சாதாரண இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டலாமா?

பழைய கிரிஸ்டல்:

நிறுத்துங்கள்! சாதாரண இன்ஸ்டன்ட் பசை டெப்ரானைக் கரைத்துக் குழி ஆக்கிவிடும். ஃபோமுக்கென்றே தனியாக விற்பதை வாங்குங்கள். அதையும் குண்டூசி முனையில் தொட்டு வையுங்கள். என் மூக்குக் கதையை இன்னொரு தடவை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.